லேப்டாப் திரையின் ஓரத்தில் சேரும் அழுக்கு

லேப்டாப்பைத் திறந்து வைத்தால் திரை நேராக நிற்பதில்லை. கொஞ்சம் பின்னால் சாய்ந்துதான் நிற்கும். அந்தச் சாய்வின் மேல் அறையில் பறக்கிற தூசு நாள் முழுக்க வந்து இறங்குகிறது. சட்டைத் துணியின் பஞ்சிழை, தலைமுடி, தோலிலிருந்து உதிரும் செதில், ஜன்னல் வழியாக வரும் மண், நெற்றியிலிருந்து உதிர்ந்த விபூதி, வேலை பார்த்தபடியே கொறித்த மிக்சரின் பொடி எல்லாம் அதில் சேர்த்தி. திரையைத் துடைக்கிறவர்களும் பெரும்பாலும் நடுவில் ஆரம்பித்து ஓரத்தில் கொண்டுபோய் முடிக்கிறார்கள். நடுவில் பரவிக் கிடந்த தூசு அப்படியே ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. சட்டமும் திரையும் சேருகிற இடுக்கில் அது போய் உட்கார்ந்துகொள்கிறது. மேல் ஓரத்தை விடக் கீழ் ஓரத்தில்தான் அதிகம் சேரும். கீழ் மூலைகள் இரண்டிலும் இன்னும் அதிகம்.

சில மாதங்களில் அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிய ஆரம்பிக்கும். கண்ணை உறுத்தும். கைக்கு அகப்படுகிற ஊக்கு, ஹேர்பின், பல் குத்தும் குச்சி என்று எதையாவது எடுத்து நோண்டத் தோன்றும். பிடிவாதமான கறையாக இருந்தால், கண்ணாடி துடைக்கும் நீல நிறத் திரவத்தை நேராகத் திரையிலேயே பீய்ச்சி அடிப்பவர்களும் உண்டு. அழுக்கால் ஒரு திரை கெடுவது அபூர்வம். அழுக்கை எடுக்கப் போய்க் கெடுவதுதான் அதிகம். பத்து நிமிடத்தில் முடிகிற எளிய வேலைதான். ஆனால் திரையின் ஓரம்தான் அதன் மிகப் பலவீனமான இடம் என்பதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டிய வேலை.

அழுக்கு கிடந்தால் கிடக்கட்டும் என்று விட்டுவிடலாமா? மெல்லிய தூசை விடலாம். மணலையும் கெட்டியான துணுக்கையும் விடக்கூடாது. லேப்டாப்பை மூடும்போது திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி நாம் நினைப்பதைவிட மிகவும் குறுகலானது. 2020-ல் ஆப்பிள் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. கேமராவை மறைப்பதற்காகச் சிலர் ஒட்டிக்கொள்ளும் சிறு மூடியோடு மேக்புக்கை மூடினால் திரை சேதமாகலாம் என்றது. மூடி வைத்தே தீர வேண்டும் என்றால் அது 0.1 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது சாதாரண பிரிண்டர் தாளைவிடத் தடிமனாக, இருக்கக்கூடாது என்றும் சொன்னது. ஒரு தாளின் தடிமனுக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால், ஓரத்திலிருந்து உதிர்ந்து கீபோர்டின் மேல் விழுகிற ஒரு மணல் துகள் அந்த அளவை எளிதாகத் தாண்டிவிடும். மறு வருடமே, எம்1 சிப் வைத்த மேக்புக்குகளின் திரைகள் காரணம் தெரியாமல் விரிசல் விட்டதாக அமெரிக்காவில் பலர் புகார் சொன்னார்கள். மூடும்போது இடையில் ஏதாவது துகள் மாட்டியிருக்கலாம் என்று அவர்களில் சிலரிடம் சொல்லப்பட்டதாகச் செய்திகள் வந்தன. இயந்திரத்தின் வடிவமைப்பில்தான் குறை என்று உரிமையாளர்கள் வாதிட்டார்கள். விஷயம் நீதிமன்றம் வரை போனது.

தூசு எவ்வளவு பெரிய தொல்லையாக மாறும் என்பதற்கு இன்னொரு உதாரணமும் அதே நிறுவனத்திலிருந்து சொல்லலாம். 2015 முதல் மேக்புக்குகளில் வந்த 'பட்டர்ஃபிளை' கீபோர்டு மிகவும் தட்டையானது. விசைக்குக் கீழே ஒரு சின்னத் துணுக்கு போனாலே எழுத்து விழாது, அல்லது இரண்டு முறை விழும். 2018-ல் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவிக்க வேண்டி வந்தது. 2022-ல் 5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடிக்கவும் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. இயந்திரங்கள் மெலியத் தொடங்கியதிலிருந்து ஒரு துகளுக்கு இருக்கிற மதிப்பு கூடிப்போயிருக்கிறது.

ஓரத்தில் கை வைப்பதற்கு முன்னால் அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

எல்சிடி திரை என்பது பல தகடுகளை அடுக்கிச் செய்தது. பின்னாலிருந்து வந்தால் முதலில் ஒளியைத் திருப்பி அனுப்பும் வெள்ளைத் தாள். அதன்மேல் ஒளியைப் பரப்புகிற பிளாஸ்டிக் தகடு. அதற்குமேல் ஒளியைச் சீராக்கும் மெல்லிய தாள்கள். பிறகு ஒரு துருவமாக்கும் படலம், ஒரு கண்ணாடி, திரவப் படிகம், இன்னொரு கண்ணாடி, மறுபடியும் ஒரு துருவமாக்கும் படலம். கண்ணாடிகள் ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. நடுவில் இருக்கிற திரவப் படிகத்தின் தடிமன் சில மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு கூட வராது. விரலால் அழுத்தினால் நிறங்கள் சுழித்துக்கொண்டு ஓடுவது அந்த இடைவெளி நசுங்குவதால்தான். விரலை எடுத்தால் சரியாகிவிடும். ஆனால் கூர்மையான ஒன்றால் ஒரே இடத்தில் அழுத்தினால், பின்னால் இருக்கிற தாள்களில் தழும்பு விழுந்து, அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி நிரந்தரமாக நின்றுவிடும்.

நாம் தொடுகிற மேல்பரப்பு, விலை குறைந்த லேப்டாப்களில் பெரும்பாலும் கண்ணாடி கிடையாது. அந்தத் துருவமாக்கும் படலம்தான் அது. எட்வின் லேண்ட் என்ற அமெரிக்கர் 1937-ல் போலராய்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த வருடமே பாலிவினைல் ஆல்கஹால் என்ற பிளாஸ்டிக்கை இழுத்து நீட்டி, அதில் அயோடினை ஊறவைத்துத் துருவமாக்கும் படலம் செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். இன்று லேப்டாப்பிலும் டிவியிலும் இருக்கிற படலங்களுக்கு அடிப்படை அதே முறைதான். பாலிவினைல் ஆல்கஹால் தண்ணீரில் கரையக்கூடியது. அதனால் அதன் இரு பக்கமும் வேறு பிளாஸ்டிக் தாள்களை ஒட்டிக் காப்பாற்றுகிறார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் இப்படிக் காப்பு கிடைத்துவிடுகிறது. ஆனால் படலத்தை அளவுக்கு வெட்டும்போது நான்கு ஓரங்களிலும் வெட்டுவாய் திறந்து கிடக்கும். அந்த வெட்டுவாய் சட்டத்தின் உதட்டுக்கு அடியில்தான், அழுக்கு சேருகிற அதே இடுக்கில்தான், ஒளிந்திருக்கிறது. அங்கே போகிற ஈரம் படலத்தை ஓரத்திலிருந்து உரிக்கலாம். நிறம் மங்கச் செய்யலாம்.

கீழ் ஓரத்தில் ஆபத்து இன்னொரு மடங்கு கூடுதல். திரையை இயக்குகிற மின்னணுப் பலகையும், அதிலிருந்து கண்ணாடிக்குப் போகிற மெல்லிய படல இணைப்புகளும், மதர்போர்டிலிருந்து வருகிற கேபிள் சொருகும் இடமும் பெரும்பாலான லேப்டாப்களில் கீழ் ஓரத்தில்தான் இருக்கின்றன. பின்னொளி தருகிற எல்இடி விளக்கு வரிசையும் வழக்கமாக அங்கேதான். திரையில் பீய்ச்சிய திரவம் வழிந்தால் நேராகக் கீழே இறங்கி, சட்டத்தின் உதட்டில் தேங்கி, உள்ளே கசியும். சேருகிற இடம் அந்தப் பலகை. துடைத்து முடித்த மறுநாள் திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்துவிட்டது என்று சர்வீஸ் கடைக்கு வருகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். திரவத்தை எப்போதும் துணியில்தான் தெளிக்க வேண்டும், திரையில் தெளிக்கவே கூடாது என்று லேப்டாப் தயாரிப்பாளர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணமும் இதுவே.

எல்லா லேப்டாப்புக்கும் ஓரம் ஒரே மாதிரி இருக்காது. முதல் வகையில் திரையைச் சுற்றி மேடாக ஒரு பிளாஸ்டிக் சட்டம் இருக்கும். திரை அதைவிடச் சற்றுப் பள்ளத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் கைக்கு வந்தவையும், இன்று குறைந்த விலையில் கடையில் கிடைப்பவையும் பெரும்பாலும் இந்த ரகம். சட்டத்துக்கும் திரைக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிற அளவு இடுக்கு இருக்கும். இரண்டாவது வகையில் ஓரம் வரை ஒரே கண்ணாடி ஓடும்; அதைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் நாடா ஒன்று விளிம்பு கட்டியிருக்கும். 2008-க்குப் பிறகு வந்த மேக்புக் புரோக்கள் இதற்கு நல்ல உதாரணம். மேக்புக் ஏர் மட்டும் 2017 மாடல் வரை அலுமினியச் சட்டத்தோடு முதல் வகையிலேயே இருந்தது. மூன்றாவது வகை தொடுதிரை. மேலே ஒட்டிய கண்ணாடிக்கும் வெளிச் சட்டத்துக்கும் நடுவே மயிரிழை போல ஒரு கோடு மட்டும் தெரியும். முதல் வகைக்கு எதிரி ஈரம். இரண்டாம் வகைக்கு எதிரி கூர்முனை. ரப்பர் நாடாவை ஒருமுறை கிளப்பிவிட்டால் பழையபடி உட்காராது. மூன்றாம் வகையில் உள்ளே போன துகளைப் பிடுங்குவது சிரமம், ஆனால் பெரிய துகள் உள்ளே போகவும் வழியில்லை.

வேலையைத் தொடங்கலாம். லேப்டாப்பை முழுவதுமாக அணைத்துச் சார்ஜரைக் கழற்ற வேண்டும். தூங்க வைத்தால் போதாது. கறுத்த திரையில் தூசு நன்றாகத் தெரியும் என்பது ஒரு லாபம். ஈரம் உள்ளே போனால் சேதம் குறைவு என்பது அதைவிடப் பெரிய லாபம். அறை விளக்கை அணைத்துவிட்டு, மொபைலின் டார்ச்சைத் திரைக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கை வசமாகப் பிடித்துப் பார்த்தால் ஒவ்வொரு துகளும் தனித்தனியே மின்னும். நேர் வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரிந்த திரைதானா இது என்று திகைப்பாக இருக்கும். எது பஞ்சு, எது மணல், எது ஒட்டிக்கொண்ட சர்க்கரை என்று அந்த வெளிச்சத்திலேயே பிரித்துப் பார்த்துவிடலாம்.

மணலைத் தனியாகக் கண்டுபிடிப்பது அவசியம். ஃபிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் 1812-ல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் மணலின் முக்கியப் பொருளான குவார்ட்ஸ் 7-ல் நிற்கிறது. சாதாரண கண்ணாடி ஐந்தரையை ஒட்டி. திரை தயாரிப்பாளர்கள் தங்கள் பேனலின் மேல்பரப்பைப் பென்சிலால் கீறிச் சோதித்து, வழக்கமாக 3எச் என்று குறிப்பிடுகிறார்கள். அதாவது அது தாங்குவது ஒரு கெட்டியான பென்சில் முனையைத்தான். மெரீனாவை ஒட்டிய தெருவிலோ, பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் இடத்திலோ இருப்பவர்களின் திரை ஓரத்தில் சேருகிற தூசில் குவார்ட்ஸ் நிறையவே இருக்கும். அதன்மேல் துணியை அழுத்தி இழுத்தால் எத்தனை மென்மையான துணியாக இருந்தாலும் கீறல் விழும். கீறுவது துணிக்கு அடியில் சிக்கிய மணல். ஆகவே துணி கடைசியில்தான் வர வேண்டும். முதலில் காற்று, அடுத்து பிரஷ், பிறகு ஒட்டும் தாள், அதற்கும் பிறகு துணி.

காற்றுக்குச் சிறந்த கருவி, கேமரா லென்ஸ் துடைக்கிறவர்கள் வைத்திருக்கும் ரப்பர் குமிழ் ஊதி. லேப்டாப்பைத் தொண்ணூறு பாகைக்குத் திறந்து, அடிப்பாகத்தை இன்னொருவர் தலைகீழாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். திரைப் பகுதியைப் பிடிக்கக்கூடாது. இப்போது அழுக்கு சேர்ந்த கீழ் ஓரம் மேலே வந்துவிடுகிறது. கிளம்புகிற துகள் தானாகக் கீழே விழும். இடுக்குக்கு நேராக ஊதினால் துகள் உள்ளே போகும். இடுக்கின் நீளவாக்கில், ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலையை நோக்கி ஊத வேண்டும். வாயால் ஊதக்கூடாது, எச்சில் துளியும் சேர்ந்து போகும்.

காற்று அடைத்த டப்பா வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்குள் இருப்பது வெறும் காற்று கிடையாது. பல டப்பாக்களில் டைஃபுளூரோஈத்தேன் என்ற வாயுவை அழுத்தித் திரவமாக்கி வைத்திருப்பார்கள். அதன் கொதிநிலை பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 25 டிகிரி செல்சியஸ். டப்பாவைச் சாய்த்தோ கவிழ்த்தோ அழுத்தினால் அந்தத் திரவமே வெளியே வந்து, விழுந்த இடத்தைச் சட்டென்று உறைய வைக்கும். எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். டப்பாவை நிமிர்த்திப் பிடித்து, தள்ளி நின்று, விட்டு விட்டு அழுத்தினால் ஆபத்தில்லை. சர்வீஸ் கடைகளில் மதர்போர்டைச் சுத்தம் செய்யும் மின்சார ப்ளோயர் திரை ஓரத்துக்கு வேண்டவே வேண்டாம். அதன் வேகத்துக்கு இடுக்கில் இருக்கிற தூசு பேனலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும்.

பிரஷ் என்றால் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வாட்டர் கலர் பிரஷே போதும். புதிதாக இருக்க வேண்டும், முடி மென்மையாக இருக்க வேண்டும். பிரஷின் முடியையும் கட்டையையும் இணைக்கிற தகர வளையத்தின் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டால், கை தவறினாலும் தகரம் திரையைக் கீறாது. முடியின் நுனி மட்டும் இடுக்கில் நுழைய வேண்டும். நுழைத்துக் குத்தாமல், ஓரத்தை ஒட்டியே மெதுவாக இழுத்துக்கொண்டு வந்து, மூலைக்கு ஓர் அங்குலம் முன்னால் வெளிப்பக்கமாகத் தூக்கிவிட வேண்டும். மூலை வரை இழுத்தால் எல்லாம் மூலையில் போய்க் கெட்டிப்படும். அங்கிருந்து எடுப்பது பெரும்பாடு. ரப்பர் நாடா உள்ள திரையிலும் இதே முறைதான். நாடாவின் நீளத்தோடு போகலாம், குறுக்கே போகக்கூடாது.

இதற்கும் அசையாமல் ஒரு முறுக்குத் துணுக்கு கீழ் இடது மூலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய்ப் பசை இருப்பதால் அது காற்றுக்கு நகராது. பிரஷ் பட்டால் இன்னும் உள்ளே போகும். இதற்கு ஏற்றது அலுவலக மேசையில் கிடக்கும் மஞ்சள் ஒட்டுச்சீட்டு. அந்தச் சீட்டின் பசை, 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் என்ற வேதியியலாளர் 1968-ல் தற்செயலாகக் கண்டது. அவர் தேடியது மிக வலுவான பசை. கிடைத்தது ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற பசை. அதற்கு ஒரு பயன் கண்டுபிடிக்கவே சில வருடங்கள் ஆயின. 1980-ல்தான் ஒட்டுச்சீட்டு அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற அந்தக் குணம்தான் இங்கே நமக்குத் தேவை. சீட்டைப் பசை உள்ள பக்கம் வெளியே தெரியும்படி இரண்டாக மடித்து, மடிப்பை நகத்தால் தேய்த்துக் கூராக்க வேண்டும். அந்த மடிப்பை இடுக்கில் திரைப் பக்கமாகச் சாய்த்து நுழைத்து, துணுக்கின் பக்கவாட்டைத் தொட வேண்டும். மேலிருந்து அழுத்தினால் உள்ளே போய்விடும். பக்கவாட்டில் தொட்டு, ஒரு கணம் நிறுத்தி, வெளிப்பக்கமாகச் சுருட்டி எடுத்தால் துணுக்கும் சேர்ந்து வரும். முதல் முறை பாதிதான் வரும். மடிப்பில் அழுக்கு ஒட்டியதும் அந்தச் சீட்டைப் போட்டுவிட்டுப் புதுச் சீட்டு எடுக்க வேண்டும். அழுக்கான பசை வாங்குவதைவிட விட்டுவிட்டு வருவது அதிகம்.

செல்லோடேப்பைக் கொண்டும் இதைச் செய்யலாம் என்று தோன்றும். வேண்டாம். அதன் பசை வலுவானது. ஓரத்தில் படலத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, பிடுங்கும்போது பசையை அங்கேயே விட்டுவிட்டு வரும். கீபோர்டுக்கு என்று விற்கிற வழவழப்பான ஜெல்லும் அப்படித்தான். அகலமான விசைகளுக்கு நடுவே அது வேலை செய்யும். குறுகிய இடுக்கில் அறுந்து, ஒரு துண்டு உள்ளே தங்கிவிடும். வீட்டு வாக்குவம் கிளீனரின் குழாயில் நிலைமின்சாரம் சேரும் என்பதால் அதையும் நேராகத் திரையில் வைக்கக்கூடாது. காது குடையும் பஞ்சுக் குச்சி இழையை விட்டுவிட்டு வரும். டிஷ்யூ பேப்பர் மரக்கூழால் ஆனது. அதுவும் கீறும், இழையும் உதிர்க்கும்.

காய்ந்த டீத் துளி, சர்க்கரைப் பாகு, விரல் எண்ணெயோடு சேர்ந்து இறுகிய தூசு ஆகியவைதான் உண்மையில் பிடிவாதக்காரர்கள். இவற்றுக்கு ஈரம் இல்லாமல் முடியாது. ஈரம் என்றால் தண்ணீர். பெரும்பாலும் அதுவே போதும். ஆனால் போர்வெல் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்பு வெள்ளையாகப் படியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்காகக் கடையில் விற்கிற டிஸ்டில்டு வாட்டர் மிகப் பொருத்தம். மைக்ரோஃபைபர் துணியின் ஒரு மூலையை அதில் நனைத்து, பிழிந்து, இன்னொரு காய்ந்த துணியில் வைத்து அமுக்கி எடுக்க வேண்டும். விரலில் ஈரம் தெரிய வேண்டும். அழுத்தினால் சொட்டு வரக்கூடாது. அந்த மூலையை நகத்தின் மேல் சுற்றிக்கொண்டு கறையின் மேல் அரை நிமிடம் வைத்திருந்தால் சர்க்கரை இளகும். தேய்க்க வேண்டியதில்லை. இளகியதை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி இழுத்து எடுக்க வேண்டும். பழக்கத்துக்கு நேர் எதிரான திசை இது. ஓரத்தை நோக்கி இழுத்தால் கரைந்த சர்க்கரை இடுக்கில் இறங்கி மறுபடியும் இறுகும். முடித்ததும் காய்ந்த துணியால் ஒற்றி, கால் மணி நேரம் திறந்தே வைத்துவிட்டுப் பிறகு லேப்டாப்பைப் போடலாம்.

தண்ணீருக்கு மசியாத எண்ணெய்க் கறைக்கு 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை ஆப்பிள் உட்படச் சில நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. அதையும் துணியில் தொட்டுத்தான் துடைக்க வேண்டும், எந்தத் திறப்பிலும் ஈரம் போகக்கூடாது என்கின்றன. தன் லேப்டாப்பின் கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுவதே நல்லது. இடுக்குக்குள்ளும் ரப்பர் நாடாவின் மேலும் அதைக் கொண்டுபோகவே கூடாது; ஒட்டுப் பசைகள் அதில் இளகும். கைக்குத் தடவும் சானிடைசர் இதற்கு மாற்றாகாது. அதில் கிளிசரினும் வாசனையும் சேர்ந்திருப்பதால் திரையில் ஒரு பிசுக்கு நிற்கும். அசிட்டோன், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம், பற்பசை, வினிகர் எதுவும் கூடாது. திரையின் மேல்பூச்சு எவ்வளவு மெல்லியது என்பதற்கு 2015-ல் ஒரு பாடம் கிடைத்தது. ரெட்டினா திரை உள்ள மேக்புக் புரோக்களில் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு திட்டுத் திட்டாக உரிய ஆரம்பித்தது. கறை போல் தெரிந்த அந்தத் திட்டுகள் ஓரங்களிலும், மூடும்போது கீபோர்டு படுகிற இடங்களிலும் அதிகம் தோன்றின. அதே ஆண்டு அக்டோபரில் ஆப்பிள் அவற்றை இலவசமாக மாற்றித்தர முன்வந்தது.

துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மைக்ரோஃபைபரின் வேர் ஜப்பானில் இருக்கிறது. டோரே நிறுவனத்தின் மியோஷி ஒகமோட்டோ 1970-ல் மிக நுண்ணிய பாலியஸ்டர் இழையைச் செய்து காட்டினார். அந்த இழைகளின் இடைவெளிகளில் தூசும் எண்ணெயும் ஏறிக்கொள்வதுதான் இதன் பலம். பலவீனமும் அதுவே: ஏறிய மணல் அங்கேயே இருக்கும். கண் கண்ணாடியோடு தருகிற துணியை வருடக்கணக்கில் துவைக்காமல் பயன்படுத்துவது, மணலைச் சேர்த்து வைத்துத் தேய்ப்பதுதான். சோப்பில் அலசி நிழலில் உலர்த்தலாம். துணி மென்மையாக்கும் திரவம் மட்டும் கூடாது. அது இழைகளில் பூச்சாகப் படிந்து திரையில் கோடு விடும். 2021-ல் ஆப்பிள் ஒரு துடைக்கும் துணியை இந்தியாவில் 1,900 ரூபாய்க்கு விற்க ஆரம்பித்ததும் உலகமே அதைப் பற்றிப் பேசியது. நானோ அளவில் அரித்துச் செய்த அவர்களுடைய சிறப்புக் கண்ணாடிகளுக்கு அந்தத் துணியைத்தான் பயன்படுத்தச் சொல்கிறார்கள். மற்ற திரைகளுக்கு அது அவசியமில்லை. சுத்தமான எந்த மைக்ரோஃபைபர் துணியும் போதும்.

எல்லாம் செய்தும் ஒரு புள்ளி போகவில்லை என்றால், அது வெளியில்தான் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். திரை அணைந்திருக்கும்போது பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரிந்தால் அது மேலே இருக்கிறது. இன்னும் முயன்று பார்க்கலாம். திரை ஒளிரும்போது மட்டும், விளிம்பு மங்கலாக, நிழல் போலத் தெரிந்தால் உள்ளே ஒளி பரப்பும் தாள்களுக்கு நடுவே தூசு போயிருக்கிறது. விளிம்பு கூர்மையாக, மிகச் சிறியதாக, எப்போதும் ஒரே நிறத்தில் நின்றால் அது தூசே இல்லை, செத்துப்போன பிக்சல். இந்த இரண்டுக்கும் வெளியிலிருந்து செய்ய ஒன்றுமில்லை.

சில சமயம் அந்தப் புள்ளி நகரும். மிளகாய்த் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இலைப்பேனைத் தெரியும். ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள, மெல்லிய உடலுள்ள பூச்சி. பிரிட்டனில் கோடையில் கோதுமை அறுவடை நேரத்தில் இவை கூட்டமாகக் கிளம்பி வந்து, படச் சட்டங்களுக்குள்ளும் கம்ப்யூட்டர் திரைகளுக்குள்ளும் புகுந்துவிடும். நம் ஊரிலும் மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும் சிறு பூச்சிகளும் எறும்பும் ஓரத்து இடுக்கு வழியாக உள்ளே போவதுண்டு. அப்போது திரையைத் தட்டுவதும் விரலால் அழுத்திக் கொல்வதும்தான் பெரிய தவறு. உள்ளே நசுங்கினால் அது அங்கேயே, கண்ணுக்கு நேராக, காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். திரையை அணைத்து, அறையை இருட்டாக்கி, ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கை மட்டும் எரிய விட்டால் பூச்சி வெளிச்சத்தைத் தேடித் தானாக வெளியே வர வாய்ப்பு உண்டு. உள்ளேயே செத்தாலும் நசுங்காமல் செத்தால் காய்ந்து கீழ் ஓரத்துக்கு உதிர்ந்துவிடக்கூடும்.

சட்டத்துக்கு அடியில் அழுக்கு கெட்டிப்பட்டுப் போனால் சட்டத்தைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். பழைய மாடல்களில் மூலைகளில் உள்ள சிறு ரப்பர் மூடிகளுக்கு அடியில் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். மீதி முழுக்கப் பிளாஸ்டிக் கொக்கிகள். புது மாடல்களில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டியிருப்பார்கள். கொக்கி என்றால் கிட்டார் மீட்டும் தகடு போன்ற பிளாஸ்டிக் வில்லையால் உள் ஓரத்திலிருந்து கிளப்பலாம். டேப் என்றால் சூடு காட்டி இளக்க வேண்டும். அதை வீட்டில் ஹேர் டிரையர் வைத்து முயல்வதைவிடக் கடைக்குக் கொண்டுபோவது மேல். வாரண்டி இருக்கிறதென்றால் தயாரிப்பாளரின் சர்வீஸ் மையத்துக்கே போக வேண்டும்.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கொடுக்கும்போது ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: சட்டத்தை மட்டும் கழற்றிச் சுத்தம் செய்யப் போகிறார்களா, பேனலையே பிரிக்கப் போகிறார்களா என்று. சட்டத்தைக் கழற்றுவது சின்ன வேலை. பேனலின் தாள்களைப் பிரிப்பது வேறு சங்கதி. தூசு வடிகட்டிய தூய அறையில் தொழிற்சாலை அடுக்கியதை மின்விசிறி ஓடுகிற மேசையில் பிரித்தால், ஒரு துகளை எடுக்கப் போய்ப் பல துகள்கள் உள்ளே ஏறும். அந்த நிலைமை வந்தால் பேனலை மாற்றுவதா, அந்த ஒரு புள்ளியோடு வாழ்வதா என்பதே கேள்வி. ஓரத்தில் இருக்கிற புள்ளி என்றால் வாழ்ந்துவிடலாம். மாற்றுவதென்றால் பழைய பேனலின் முதுகில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை மொபைலில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் இருக்கிற மாடல் எண்ணையும், கேபிள் சொருகுகிற இடம் 30 முள்ளா 40 முள்ளா என்பதையும் சரிபார்த்துத்தான் புதுப் பேனலை வாங்க வேண்டும்.